கயிறு பிடித்தவள்

அறுவை முடிந்து, தொண்டைக்குள் செருகியிருந்த மூச்சுக் குழாயை உருவி எடுத்தாயிற்று. கிழவர் மூச்சு விடவில்லை.

வாயில் தேங்கிய நீரை உறிஞ்சும்போது ஒரு துளி உள்ளே நழுவியிருக்க வேண்டும். தொண்டை சட்டென்று கதவைச் சாத்திக்கொண்டது.

மயக்க மருந்து டாக்டர் அவர் தாடையைத் தூக்கிப் பிடித்தாள். முகமூடியை வைத்து அழுத்தினாள். அதோடு இணைந்த காற்றுப்பையைப் பிசைந்தாள்.

காற்று உள்ளே போகவில்லை.

அவளுக்கு இது புதிதல்ல. ஆனால் இது எழுபது தாண்டிய நுரையீரல். மறுபடி குழாயைச் செருகினால் இயந்திரத்தோடு ஐசியூவுக்குப் போவார். அங்கே சளி கட்டும், காய்ச்சல் வரும். இந்த வயதில் அப்படிப் போன எத்தனையோ பேர் குழாயோடேயே போய்ச் சேர்ந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

மறுபடி குழாய் செருகப் போடும் ஊசி தயாராக நர்ஸின் கையில் இருந்தது.

ஆனால் மானிட்டரின் சத்தம் இறங்கவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அதன் சுருதியும் குறையும். அது அசையாமல் அங்கேயே நின்றது.

வேறு யாராக இருந்தாலும் நெஞ்சு இந்நேரம் முட்டி மோதியிருக்கும். இவர் முகத்தில் தவிப்பே இல்லை.

அவளுக்கு மெய்சிலிர்த்தது.

இவருக்கு மூச்சு முட்டவில்லை. அடக்கிக்கொண்டு கிடக்கிறார்.

கஸ்பார். தூத்துக்குடிக் கடலில் வாலிபம் முழுக்கச் சங்கு குளித்தவர். நேற்று அவள் மூச்சைப் பற்றிக் கேட்டதற்குக் கயிற்றைப் பற்றிப் பேசினார்.

“மேல இருந்து ரெண்டு இழுப்பு இழுத்தா ஏறி வந்துரணும். கயித்த மச்சான்தாம்மா பிடிக்கணும். தங்கச்சி தாலிக்குப் பயந்து பிடிப்பான்லா.”

சொல்லிக்கொண்டே, அந்தக் கயிறு கட்டியிருந்த இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

அவள் ஒரு கையால் முகமூடியை அழுத்திக்கொண்டே, மறு கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

இழுத்தாள்.

இன்னொரு முறை இழுத்தாள்.

நெஞ்சு உயர்ந்தது. நிதானமாக, அவசரமே இல்லாமல், உயர்ந்துகொண்டே போனது. இவ்வளவு பெரிய மூச்சை அவள் இந்த மேஜையில் பார்த்ததில்லை.

முகமூடியின் உட்புறம் பனி படிந்தது.

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்தார். குரல் கரகரத்தது. அதில் மனக்குறை இருந்தது.

“எதுக்கும்மா இழுத்தீய? இன்னும் மூச்சு இருந்துச்சே.”

அவள் அந்த மணிக்கட்டை இன்னும் விட்டிருக்கவில்லை.