மிஷின் ஓடும்வரை

அம்மா கட்டிலில், நான் மேசை முன், அண்ணி சன்னலோரம் தையல் மிஷினில். வீட்டில் இருப்பது நாங்கள் மூன்று பேர்தான். வெளிநாட்டிலிருக்கும் அண்ணனிடம் போய்ச் சேர, அண்ணி ஆங்கில வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். மூன்றாவது, கடைசி வாய்ப்பிலும் தேறவில்லை என்று காலையில் தாள் வந்துவிட்டது. ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை என்று என்னைக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார். மாலை வெயில் அவர் மடியிலிருக்கும் தலையணை உறையில் விழுகிறது. கால் மிதிக்க மிதிக்க வாய் தானாகச் சொல்கிறது: "வாக், வாக்ட், ஹேவ் வாக்ட், வில் வாக், வுட் ஹேவ் வாக்ட்." ஒன்றுகூடத் தப்பில்லை. நூல் அறுகிறது. கால் நிற்கிறது, வாயும் நிற்கிறது. "இவ்வளவு தெரியுதே, அங்கே என்ன வந்துச்சு உனக்கு?" என்கிறாள் அம்மா. "அங்கே வெறும் நாற்காலிதான் அத்தை போட்டிருந்தாங்க. மிஷினையும் தூக்கிட்டுப் போயிருக்கணும்," என்று அண்ணி சிரிக்கிறார். அம்மா சிரிக்கவில்லை. அண்ணி நூல் நுனியை நாவில் நனைத்து ஊசிக் காதில் நுழைக்கப் பார்க்கிறார். அது விலகி விலகிப் போகிறது.

"எழுதிட்டீங்களா தம்பி?"

"எழுதிட்டேன் அண்ணி. வேற ஏதாவது சேர்க்கணுமா?"

"அடுத்த வருஷம் இந்தப் பரீட்சைச் சட்டம் மாறப்போகுதாம்னு போடுங்க."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. அவர் ராத்திரி சாப்பிடணும்ல."

மூன்றாவது பத்தியாக அதையும் எழுதுகிறேன். கவரை ஒட்டி, விலாசத்தை இரண்டு முறை சரிபார்த்து, தெருமுனைத் தபால்பெட்டியில் போடுகிறேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டபிறகும் அங்கேயே நிற்கிறேன்.