தொப்பி வைத்த அரசன்

நானூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்தில் அடித்த தங்கக் காசு அது. அதில் உயரமான தொப்பி வைத்த அரசன் ஒருவன் இருந்தான். பாளையங்கோட்டை நாணயச் சங்கத்தில் அந்தக் காசு தலைவர் பரஞ்சோதியிடம் மட்டுமே உண்டு என்று பேர். தன்னிடமும் ஒன்று இருப்பதாக ஞானதுரை சொல்லும்போதெல்லாம் கூட்டமே சிரிக்கும். முதலில் சிரிப்பவர் பரஞ்சோதிதான். களவு போய்விடும் என்று பயந்து ஞானதுரை கடைசிவரை அதை யாருக்கும் காட்டவில்லை.

அவர் இறந்த மறுமாதம் அவருடைய மனைவி லில்லிபுஷ்பம் பரஞ்சோதியின் வீட்டுக்கு வந்து, ஒரு கைக்குட்டையை அவிழ்த்து, அதிலிருந்த காசை மேசைமேல் வைத்தாள்.

"விக்க வரல சார். அவிய சொன்னது நெசமான்னு மட்டும் தெரிஞ்சா போதும். நானும் அவியளப் பாத்துச் சிரிச்சிருக்கேன்."

பரஞ்சோதி பூதக்கண்ணாடியையும் சிறு தராசையும் எடுத்தார். எடை சரியாக இருந்தது, விளிம்பும் சரி. அரசனின் முகம் அவருடைய காசில் இருப்பதைவிடத் தெளிவாக இருந்தது.

"போலிம்மா," என்றார்.

அவள் கைக்குட்டையை மடித்தாள். "அப்பம் நான் சிரிச்சதுல தப்பில்ல. இத நீங்களே வச்சுக்கிடுங்க சார்," என்று எழுந்துகொண்டாள்.

அவள் வாசலைக் கடந்ததும் பரஞ்சோதிக்கு உடம்பெல்லாம் கூசியது. காசை எடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்.

"அம்மா!"

அவள் திரும்பினாள். கண்கள் கலங்கியிருந்தன. "என்ன சார்?"

பரஞ்சோதி காசை உள்ளங்கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டார்.

"வெயிலா இருக்கு. ஆட்டோ பிடிச்சுப் போங்க," என்றார்.