மகளின் பேரில் ஒரு வீடு

“வீடும் முடிஞ்சிது. மறுகா என்னகா, பெட்டைக்கு மாப்பிள்ளை பாக்கிறதுதானே?”

புது வீட்டுக் குடிபூரலன்று பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளை சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கேதீஸ்வரியும் சிரித்தாள். பந்தலில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, “ஓம், வீட்டு உறுதிப்பத்திரமும் அவள்ர பேரிலதான்” என்று பெருமையாகச் சொல்லிவைத்தாள்.

அந்த வாயை இப்போது தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

விறாந்தையில், மகளைக் கட்டுவேன் என்று திரியும் உதயரூபன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். எதிரே, பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் அவளுடைய பதினாறு வயது மகள் தனுசிகா.

மூன்று மாதமாக இதே சண்டை. கேதீஸ்வரி போனைப் பறித்தாள். மகள் கூட்டாளியின் போனில் அவனோடு பேசினாள். தாய் டியூசனை நிறுத்தினாள், அவன் பள்ளிக்கூட வாசலுக்கே வந்தான்.

“வீட்டுக்காகச் சுத்துறான்டி” என்று தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தாள்.

“உங்களுக்கு எந்நேரமும் வீடுதான்.”

புருசன் போன பிறகு, குவைத்தில் பதினொரு வருடம் அடுத்தவர் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கட்டிய வீடு. அதற்காக ஒருவன் வருவான் என்பது இந்தப் பெட்டைக்கு ஏன் விளங்குதில்லை?

அதனால்தான் இன்று அவனையே கூப்பிட்டாள். தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

“உறுதிய என்ட பேருக்கு மாத்திப்போட்டன் தம்பி. இவளுக்கு ஒண்டும் இல்ல.”

பொய்தான். அவன் முகம் சுருங்குவதை மகள் தன் கண்ணால் பார்க்கட்டும்.

சுருங்கவில்லை.

“வீடு ஆருக்கு வேணும் மாமி? இவள் மட்டும் இருந்தாக் காணும். வாற மாசம் ரெண்டு பேரும் வெளிநாடு போறம்.”

மகள் தாயைப் பார்த்தாள். முகமெல்லாம் வெற்றி.

கேதீஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நாளும் தப்பான கதவுக்கல்லவா பூட்டுப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“நான் கையெழுத்து வைக்காமப் பாஸ்போட் எடுக்க வயசு காணாதே, மனே.”

“அதெல்லாம் அவர் எடுத்திட்டாரம்மா. இருபத்திமூண்டு எண்டு போட்டு. கடதாசியிலதானே!”

“எங்க, கொண்டா பாப்பம்.”

“என்னட்ட எதுக்கு? அவர்ட்டப் பத்திரமா இரிக்கு.”

கேதீஸ்வரி எழுந்து அவன் முன்னால் போய்க் கையை நீட்டினாள். ஆச்சிப்பிள்ளைக்கும் சொல்லாத, மகளுக்கும் சொல்லாத ஒன்று வாய்வரை வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

“எனக்கும் இருபத்திமூண்டெண்டுதான் போட்டவன் தம்பி. அப்ப எனக்குப் பதினேழு, கலியாணத்துக்கு முந்தி. அவனும் கட்டுறனெண்டுதான் சொன்னவன். எயார்போட்டோட அவன் நிண்டுட்டான், என்னை மட்டும் வீட்டுவேலைக்கு ஏத்தி விட்டான். இவள்ர பாஸ்போட்டக் குடுங்க.”

மகள் வாயைத் திறந்தபடி தாயைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“குடுங்களன், அம்மா பாக்கட்டும்.”

அவன் தேத்தண்ணியைத் தொடவில்லை. ஹெல்மெட்டை எடுத்தான். தனுசிகாவைத் திரும்பியும் பார்க்காமல், கேற்றைத் தாண்டிப் போனான்.