நாற்பத்தோராவது பெயர்

"நாப்பத்தோராவது பேரு. லுத்ஃபி அப்துல் ஹமீத், பள்ளி ஆசிரியர்." நெவீன் செய்தித்தாளை மடித்து, கூடத்தில் உட்கார்ந்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்களிடம் நீட்டினாள்.

அதிபர் மன்னிப்புக் கொடுத்து விடுவிக்கும் கைதிகளின் பட்டியல் அது. அரசாங்கப் பத்திரிகையில், கறுப்பு மையில். முகநூலில் அரசைக் கிண்டலடித்து இரண்டு வரி எழுதிவிட்டு உள்ளே போன அவள் கணவன், மூன்று வருடம் கழித்து வீடு திரும்பப் போகிறான்.

இதற்கு முன்னும் இரண்டு தடவை அவன் விடுதலை என்று முகநூலில் வந்தது. இரண்டு தடவையும் நெவீன் கோழி வறுத்து எடுத்துக்கொண்டு போய், சிறை வாசலில் பொழுது சாயும்வரை நின்றுவிட்டு, ஆறிப்போன பாத்திரத்தோடு திரும்பினாள். அன்றோடு போனிலிருந்து முகநூலை அழித்தாள். பேப்பரில் வந்தால்தான் செய்தி என்று ஷூப்ராப் பேட்டையில் தான் குடியிருக்கும் தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள்.

இன்றோ, அவள் போய்ச் சொல்லுமுன்பே பெண்கள் மூடிய தட்டுகளோடு வந்துவிட்டார்கள். எப்படித் தெரியும், பேப்பரே இப்போதுதானே வந்தது என்று கேட்டாள்.

"நேத்தே போன்ல பார்த்துட்டோம்மா," என்றாள் எதிர்வீட்டு உம் கரீம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

நெவீன் சிரித்தாள். "அப்போ உங்க போனும் ஒரு தடவை உண்மை பேசியிருக்கு."

நல்ல சேதி வந்த வீட்டில் கொடுக்கும் சிவப்புச் சர்பத்தைக் கலக்கி எடுத்து வந்தாள். யாரும் தொடவில்லை. சர்க்கரை போடாத காப்பி போதும் என்றார்கள். இந்த வெயிலில் காப்பியா என்று கேலி செய்தபடியே போட்டுக் கொடுத்தாள். ஒருத்திக்குக்கூடக் குலவையிட வாய் வரவில்லையா என்று அவள் கேட்டதற்கு, தொண்டை சரியில்லை என்றாள் உம் கரீம்.

லுத்ஃபியின் தம்பி ஹிஷாம் படியேறி வந்தான். நேற்றைய சட்டை, தூங்காத கண்கள். நெவீன் கணவனுக்காக இஸ்திரி போட்ட நீலச் சட்டையை அவன் கையில் கொடுத்தாள். மூன்று வருடத்தில் இளைத்திருப்பார், பெல்ட்டும் எடுத்துவைத்திருக்கிறேன், பதினொரு மணிக்குச் சிறைக் கதவைத் திறந்துவிடுவார்கள், கிளம்பு என்றாள்.

ஹிஷாம் பேப்பரை வாங்கிப் பார்த்தான். "இது போன வாரமே கையெழுத்தான பட்டியல், அண்ணி."

"எந்த வாரமா இருந்தா என்ன? வண்டிய எடு. வெளிய வந்து யாரையும் காணோமேன்னு நிக்கப்போறாரு."

அவன் சட்டையைத் திரும்ப அவள் கையிலேயே வைத்தான்.

"அண்ணன் கீழ வண்டிலதான் இருக்கார் அண்ணி. தூக்கிட்டு வர நாலு பேரைக் கூப்பிட்டிருக்கேன்."