திறக்கவே கூடாது

"இன்னும் அரை மணி நேரம்தான் அண்ணி. அதுக்கப்புறம் தானாவே திறந்துக்கும், இல்ல?"

லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு கொழுந்தன் கேட்டான். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் அருகில் உட்கார்ந்தாள். திரையில் நிமிடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன.

அவள் கணவர் செல்போன் டவர் மெக்கானிக். போன வாரம் மலைமேல் ஒரு டவரைச் சரிசெய்யப் போனவர் திரும்பவில்லை. பேய்மழையில் மலை சரிந்து, பாதையே இல்லாமல் போயிருந்தது. மண்ணுக்கடியில் அவருடைய ஜீப் கிடைத்தது. நசுங்கிப்போன போனும் அதற்குள்ளேயே கிடந்தது. ஆள் மட்டும் கிடைக்கவில்லை. இன்று பொழுது சாய்ந்ததும் தேடுவதை நிறுத்தப்போகிறார்கள் என்று காலையில்தான் தகவல் வந்தது.

"ஆபீஸ்ல ஒப்பந்தம், காப்பீடுன்னு எல்லாத் தாளும் கேக்கறாங்க. அண்ணன் அத்தனையையும் அந்தப் பெட்டகத்துக்குள்ள போட்டுப் பூட்டி வெச்சிருக்காரு. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?"

சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. பாவம், அவனுக்கு மட்டும் அண்ணன் இல்லையா என்ன!

பெட்டகம் என்று அந்த வீட்டில் சொல்வது பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கிற செயலியை. அந்த மனிதருக்கு அது என்றால் உயிர். கல்யாணமான புதிதில், பேங்க் முதல் கறிகாய்க் கடை வரை எல்லாவற்றுக்கும் அவள் தன் பூனையின் பெயரையே பாஸ்வேர்டாக வைத்திருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி! எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியா? எவன் கையிலயாவது சிக்கினா மொத்தமும் போச்சே!"

அன்றைக்கே ஒவ்வொரு கணக்குக்கும் வாயில் நுழையாத ஒரு பாஸ்வேர்டைப் போட்டு, அவளுக்கும் ஒரு பெட்டகம் வைத்துக் கொடுத்தார். இத்தனைக்கும் மனிதருக்கு ஞாபகசக்தி படுமோசம். பெண்டாட்டியின் போன் நம்பர்கூடத் தெரியாது.

"போன் தொலைஞ்சா என்னை எப்படிக் கூப்பிடுவீங்களாம்?" என்று அவள் வம்புக்கிழுப்பாள்.

"பெட்டகத்தோட பாஸ்வேர்ட் ஒண்ணு மட்டும் தலைக்குள்ள இருக்குல்ல, போதும். எவன் போனை வாங்கி அடிச்சாலும் என் உலகமே அங்க வந்து நிக்கும்" என்பார்.

ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "எனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, உன் பெட்டகத்துலேர்ந்து என்னோடதைத் திறக்கச் சொல்லிக் கேளு. ஒரு நாள் கெடு. அப்புறம் தானாத் திறந்துடும்" என்றார்.

"முதல்ல வாயைக் கழுவுங்க!" என்றவள், அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அந்தக் கெடுதான் இப்போது முடியப்போகிறது. கொழுந்தன் நாலு நாளாகக் கெஞ்சியும், முடியவே முடியாது என்று நின்றவள், நேற்று இதே நேரம் திடீரென்று எழுந்துபோய்த் தானே லேப்டாப்பைத் திறந்து கோரிக்கையை அனுப்பினாள். அண்ணி மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"பத்து நிமிஷம்" என்றான்.

அவள் உதடுகள் முணுமுணுத்தன.

"என்ன அண்ணி?"

"திறக்கக் கூடாது தம்பி. கடவுளே, திறக்கவே கூடாது!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீங்கதானே கேட்டு அனுப்புனீங்க? இப்போ திறக்கக் கூடாதுன்னா என்ன அர்த்தம்?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் முகம் மாறியது.

"எங்களுக்குத் தெரியக் கூடாதது ஏதாவது அதுக்குள்ள இருக்கா?"

அவளுக்குச் சுருக்கென்றது. வேறு நேரமாக இருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பாள்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"பின்ன ஏன் இப்படி நடுங்கறீங்க? நாலு நாளா இழுத்தடிச்சதும் இதுக்குத்தானா?"

"என்னடா அங்க சத்தம்?" உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் ஈனமாகக் கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா, நீ படு" என்றவன், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சொல்லுங்க அண்ணி" என்றான்.

சொல்லிவிடலாம்தான். ஆனால் சொல்லிவிட்டு, அது நடக்காமல் போய்விட்டால்? மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று நிமிடம். இரண்டு. அவள் கண்களை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள்.

'டிங்' என்றது லேப்டாப்.

"சே!" கொழுந்தன் மேசையில் ஓங்கிக் குத்தினான். "கோரிக்கை மறுக்கப்பட்டதுன்னு வருது! கடைசி நிமிஷத்துல போய் இப்படிப் பண்ணுதே, பாழாப்போன மிஷின்! போச்சு, எல்லாம் போச்சு!"

அவள் சட்டென்று லேப்டாப்பை இழுத்து அந்த வரியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே கடகடவென்று சிரிக்கவும் செய்தாள். கொழுந்தன் வெலவெலத்துப் போனான்.

"அண்ணி! என்ன ஆச்சு உங்களுக்கு? அத்தனையும் உள்ள மாட்டிக்கிச்சே, சிரிக்கறீங்க!"

"முதல்ல தேடறவங்களுக்குப் போன் போடு தம்பி, நிறுத்த வேண்டாம்னு சொல்லு. மறுத்தது மிஷின் இல்ல... அந்த மறுக்கற பட்டனை உங்க அண்ணன் ஒருத்தராலதான் அழுத்த முடியும்!"