இருபத்து மூன்றாவது நிமிடம்

ஷிஃப்ட் முடிந்து தொழிற்சாலை வாசலில் வண்டியைக் கிளப்பும்போது அவள் கணவர் தன் ஸ்டீல் கைக்கடிகாரத்தின் மேல் பட்டனை அமுக்குவார். வீட்டு வாசலில் மறுபடி அமுக்கி ஸ்டாப்வாட்சை நிறுத்துவார். "இருபத்து மூணு நிமிஷம், பாத்தியா!" என்று அவளிடம் காட்டாமல் செருப்பைக் கழற்ற மாட்டார். சிக்னலில் மாட்டி இருபத்தைந்தாகிவிட்டால் அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

வரும் வழியில் லாரி மோதி அவர் இறந்த அன்று, மருத்துவமனையில் கடிகாரத்தை உறையில் போட்டுக் கொடுத்தார்கள். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. நிமிடம் காட்டும் சின்ன வட்டத்தில் முள் பதினான்கில் நின்றிருந்தது.

அவள் அதை அலமாரியில் வைத்தாள். மறுநாள் மாலை ஐந்தரைக்கு, ஷிஃப்ட் முடியும் நேரத்தில், முள் பூஜ்யத்துக்குத் திரும்பித் தானாக ஓடத் தொடங்கியது. பதினைந்தில் நின்றது. அதற்கடுத்த நாள் பதினாறில்.

கடிகாரக் கடைக்காரர் பின்மூடியைத் திறந்து பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கும்மா. ஆனா பட்டனை யாராச்சும் அமுக்காம இந்த முள்ளு ஓடாது." அவள் கேட்டதற்காக பேட்டரியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். அன்று மாலை முள் பத்தொன்பதில் நின்றது.

நேற்று இருபத்திரண்டு.

இன்றும் ஐந்தரைக்குக் கிளம்பியது. அவளும் மகளும் அலமாரி முன்னால் நின்றார்கள். வாசல் பக்கம் இருவருமே திரும்பவில்லை.

"அம்மா," என்றாள் மகள், "தாழ்ப்பாளைப் போட்டுடவா, எடுத்து விடவா?"

முள் இருபத்திரண்டைத் தாண்டியது.