பெனிட்டாவின் பங்கு

"இந்தப் பார்ட்டிஷனில் இடம் போதாது, நிறுவ முடியாது" என்று புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் மூன்றாவது தடவையாக முரண்டு பிடித்தது. வீட்டுக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கை மூன்றாகப் பிரித்திருந்தார்கள்: சிஸ்டத்துக்கு ஒரு பங்கு, ஜெயசீலனுக்கு ஒன்று, தங்கை பெனிட்டாவுக்கு ஒன்று. கல்யாணமாகிப் போகும்போது அவள் தன் பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் வழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெயர் மட்டும் அதில் நின்றது.

"காலியாத்தானே கெடக்கு, அத அழிச்சிட்டுப் போடுங்களேன்" என்றாள் மனைவி.

ஜெயசீலன் தலையைச் சொறிந்தான். பிறகு, பத்து வருடமாகச் சேர்த்த கிரிக்கெட் மேட்சுகளோடு தன் பங்கை அழித்தான். நிறுவும் வேலை மளமளவென்று ஓடத் தொடங்கியது.

"உங்களுக்கென்ன கிறுக்கா? அவ பங்குல ஒண்ணுமே இல்லையே!"

"லீவுக்கு வருவால்ல. வந்ததும் மொதல்ல அதத்தான் தொறந்து பாப்பா" என்றான்.